அறுபது பேருக்கு ஒரு சோடியேர்

என் சகலனை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது, பாரிசுக்குப் பக்கத்து எபினேயில் எங்கள் வீட்டு முன்னறை யன்னலோரம் கன்னத்தை வைத்துக்கொண்டு அவர் நின்ற காட்சிதான். கண்களை மூடி, மூச்சையும் அடக்கி, வெளியிலிருந்து யாரோ சொல்லும் இரகசியத்தைக் கேட்பவர் போல நின்றார். யன்னல் இடுக்கால் காற்று வருகிறதா என்று பார்க்கிறாராம். வேலை செய்து தடித்துப்போன கையை நம்பமுடியாது, கன்னம் பொய் சொல்லாது என்பது அவருடைய கட்சி. ரூ பஜோல் கோயில் பிள்ளையாருக்கு முன்னால்கூட அவர் அவ்வளவு நேரம் கண்ணை மூடி நின்று நான் கண்டதில்லை.

சகலன் என்றால் என் மனைவியின் அக்காவின் கணவர். அவர் உயிரோடு, சுகமாக இருக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, லியோனில் மகள் வீட்டோடு இருக்கிறார். உயிரோடு இருப்பவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவது எங்களிடையே வழக்கமில்லை. அதற்கு ஆள் போகும்வரை பொறுத்திருப்போம். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அச்சகம் வைத்திருப்பவன் என்ற முறையில் கலியாண அழைப்பிதழ்களோடு முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களையும் நான்தான் அச்சடிக்கிறேன். அவற்றில் எல்லோரும் ஒரே மாதிரி நல்லவர்கள். சில வேளைகளில் படத்தை மட்டும் மாற்றினால் போதும். என் சகலன் அப்படி ஒரு மலருக்குள் போய் எல்லோரோடும் சேர்ந்து நல்லவராகிவிடுவதற்கு முன்னால், அவர் எந்த விதத்தில் நல்லவர் என்று எழுதிவைக்க விரும்புகிறேன்.

பத்து வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதத்தில் எங்கள் வீட்டுச் சோடியேர் செத்துப்போனது. வீட்டைச் சூடாக்கவும் குளிக்கச் சுடுநீர் தரவும் குசினிச் சுவரில் பெட்டி போலத் தொங்கும் எரிவாயுக் கொதிகலனை இங்கே நாங்கள் எல்லோரும் சோடியேர் என்றுதான் சொல்வோம். வேறு எந்த மாதத்திலும் செத்திருந்தால் கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுச் சமாளித்திருப்போம். ஆனால் அடுத்த வியாழக்கிழமை எங்கள் வீட்டைப் பார்வையிட ஒரு பெண் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்திருந்தது.

என் மனைவி அதற்கு முன்னர் பதினொரு வருடங்கள் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை செய்தவள். விடியமுன் முதல் ரயிலில் போய், மற்றவர்கள் வேலைக்கு வருமுன் அவர்களுடைய மேசைகளைத் துடைத்துவிட்டு வருவாள். அந்த மேசைக்காரர் ஒருவரைக்கூட அவள் நேரில் கண்டதில்லை. பிறகு ஒருநாள், வீட்டிலேயே மற்றவர்களுடைய பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்கு அனுமதி எடுக்கப்போவதாகச் சொன்னாள். அக்ரிமோன் என்று அந்த அனுமதிக்குப் பெயர். அதற்காகப் பிரெஞ்சு வாக்கியங்களை ஒரு கொப்பியில் எழுதி, சோறு வடிக்கும்போதும் சொல்லிப் பார்ப்பாள். அதிகாரி வந்து மாடிப்படி, யன்னல், மருந்து வைக்கும் அலமாரி எல்லாம் பார்ப்பார். பிள்ளைகள் படுக்கும் அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்றும் பார்ப்பார். குளிர்ந்த வீட்டுக்கு அனுமதி இல்லை. என் மனைவியோ பழைய வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள்.

சகலன் ஒரு பிரெஞ்சுக் கொம்பனியில் சோடியேர் பூட்டுகிறவர், திருத்துகிறவர். தொலைபேசியில் கேட்டேன். எங்கள் வீட்டு அறைகள் எத்தனை, குளியலறை எத்தனை என்று விசாரித்துவிட்டு, "ஆகச் சின்னது காணும் தம்பி. சனிக்கிழமை வந்து பூட்டிவிடுறன்," என்றார்.

ஆகச் சின்னதே எனக்குப் போதுமாம். அந்தச் சொல் எனக்குத் தைத்துவிட்டது. மூத்த மருமகன் இளைய மருமகனுக்குச் சொல்லக்கூடிய சொல்லா அது? அவருடைய வீட்டில் பெரியது ஒன்று இருப்பதைக் கண்ணால் கண்டவன் நான். அதோடு, அளவு கணக்கில் எனக்கென்று ஒரு தொழில் அனுபவமும் இருந்தது. முந்நூறு அழைப்பிதழ் கேட்டு வருகிறவருக்கு முந்நூற்றைம்பது அடியுங்கள் என்று சொல்வேன். கூடினால் மேசை லாச்சிக்குள் கிடக்கும், குறைந்தால் மானம் போகும். இருபது வருடமாக இதைச் சொல்லிப் பிழைத்தவன், வீட்டுச் சூட்டையும் அதே தராசில்தான் வைத்தேன். மகளின் பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டுக்கு அறுபது பேர் வந்தார்கள். ஆகவே அறுபது பேருக்குக் காணக்கூடிய சோடியேர் வேண்டும். இந்தத் தர்க்கத்தில் எனக்கு அப்போது ஓர் ஓட்டையும் தெரியவில்லை.

எங்கள் அச்சகத்துக்கு இரண்டு கடை தள்ளிக் குழாய்ச் சாமான் விற்கும் ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய்ப் பெரிய பெட்டியொன்றைக் காட்டினார்.

"அண்ணை, இது பெரிய வீட்டுக்காரர் ஒராள் ஓடர் பண்ணிப்போட்டு வேண்டாம் எண்டவர். பெட்டி திறந்ததுதான், வேறை ஒண்டுமில்லை. உங்களுக்கெண்டபடியால் சின்னதின்ரை விலைக்குத் தாறன்."

சின்னதின் விலைக்குப் பெரியது! படித்த புத்தகங்கள் எல்லாம் அந்தக் கணத்தில் என்னைக் கைவிட்டன. வெள்ளிக்கிழமை பெட்டி வீட்டு நடைபாதைக்கு வந்துசேர்ந்தது. அதைத் தாண்டித்தான் குசினிக்குப் போகவேண்டியிருந்தது. "இதுவோ அத்தான் சொன்னது?" என்று மனைவி கேட்டாள். "ஓமப்பா," என்றேன். அவள் பெட்டியின் மேலிருந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை சகலன் வந்தார். பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சின்னக் கொப்பியோடு வீடு முழுக்க நடந்தார். ஒவ்வொரு ரேடியேட்டரின் நீளத்தையும் அளந்தார். சுவர்களைத் தட்டினார். யன்னலில் கன்னத்தை வைத்தது அப்போதுதான். பிறகு முன்னறைக்கு வந்து நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு கேட்டார்.

"தம்பி, இந்தச் சாமான் ஆருக்கு?"

"எங்களுக்குத்தான் அண்ணை. ஆக்கள் வந்தால் காணவேணுமெல்லே. போன பிறந்தநாளுக்கு அறுபது பேர் வந்தவை."

"அண்டைக்கு யன்னலைப் பூட்டி வைச்சிருந்தனீரோ, திறந்து விட்டனீரோ?"

யோசித்தேன். மாசி மாதக் குளிரில் எல்லா யன்னலையும் திறந்துவிட்டிருந்தோம். பட்டுச் சேலைகளில் பெண்கள் வியர்த்துக் கொட்ட, கேக் பூசிய கடதாசித் தட்டுகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். சத்தம் வெளியே போய் அயல்வீட்டுக்காரர் வேறு வந்து மணியடித்தார்.

"திறந்துதான் விட்டனாங்கள்."

"பேந்தென்ன? சனம்தான் தம்பி சோடியேர். அறுபது சோடியேர் வந்து நிக்கேக்கை உமக்கு இன்னொண்டு என்னத்துக்கு? நீர் மூண்டு பேர் இருக்கிற நாளுக்குச் சூடு பாரும். ரெண்டு பக்கமும் அயல் வீடு ஒட்டிக்கொண்டு கிடக்கு, அவங்கள் எரிக்கிற சூட்டிலையும் உமக்குப் பங்கு வருது."

பிறகு பொறுமையாக விளக்கினார். பெரியதைப் பூட்டினால் வீடு சீக்கிரம் சூடாகிவிடும், உடனே சோடியேர் தானாக நூர்ந்து அணைந்துவிடும். கொஞ்சத்தில் குளிரும், திரும்ப எரியும். எரிந்து நூர்ந்து, எரிந்து நூர்ந்து எரிவாயுவையும் குடித்து, தானும் சீக்கிரம் பழுதாகும். சின்னதென்றால் மெல்லமாய், விடாமல் எரியும். பிள்ளைகள் படுக்கிற அறை எந்நேரமும் ஒரே சூட்டில் இருக்கும். "விலை குறைவெண்டது வாங்கிற அண்டைக்குத்தான். எரிக்கிறது ஒவ்வொரு நாளும். இதை நான் பூட்டமாட்டன்."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி என்று எனக்கு விளங்கிவிட்டது. அதுதான் பிரச்சினை. சரியான நியாயத்துக்கு முன்னால் மாட்டுப்பட்ட மனிதன் வேறு எங்காவது பாயத்தான் பார்ப்பான். நானும் பாய்ந்தேன்.

"உங்கடை வீட்டிலை பெரிசுதானே பூட்டியிருக்கிறியள். எனக்கெண்டால் மட்டும் ஆகச் சின்னது காணும்."

சொல்லி முடிக்கும்போதே நாக்கு கூசியது. அவருடைய வீட்டில் ஐந்து அறைகள், இரண்டு குளியலறைகள். அதைச் சொல்லியிருக்கலாம். விடுமுறை நாளில் சம்பளமில்லாமல் வந்து நிற்பதையும் சொல்லியிருக்கலாம். வாயில் கை வைத்தவர் போலக் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பிக் குசினிப் பக்கம் போனார். அவர் என் மனைவிக்குச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கடைக்காரன் பெட்டியை மாத்தி ஏத்திப்போட்டான் பிள்ளை. நானும் தம்பியும் போய் மாத்திக்கொண்டு வாறம்."

"ஓ, அப்பிடியே அத்தான்," என்றாள் அவள்.

இருவரும் பெட்டியைத் தூக்கி அவருடைய வான் வண்டியில் ஏற்றினோம். சனிக்கிழமை லா சப்பல் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. மெத்ரோவால் இறங்கிய சனம், மரக்கறிப் பைகள், நகைக்கடை வாசலில் ஒரு கலியாண வீட்டுக் கூட்டம். அவர்களுடைய அழைப்பிதழை அச்சடித்தவன் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்து போனான். "என்ன அண்ணை, வீடு மாறுறியளோ?" என்று ஒருவர் கேட்டார். கடைக்காரர் முகம் கறுத்தார். சகலன் சத்தம் போடவில்லை.

"தம்பி, இது நல்ல சாமான். வீடுதான் பிழை. எட்டு அறைக்காரன் ஒருத்தன் வருவான், அவனுக்குக் குடும். இவருக்கு ஆகச் சின்னது ஒண்டு எடும். பெரிசுக்கும் சின்னதுக்கும் விலை ஒண்டெண்டு சொன்னனீராம், அப்பிடியெண்டால் சூட்டைக் கட்டுப்படுத்திற பெட்டியும் சேத்துத் தாரும்."

தந்தார். ஞாயிறு பின்னேரம் வீடு சூடாகிவிட்டது. அதன் பிறகும் சகலன் போகவில்லை. ஒவ்வொரு ரேடியேட்டராகப் போய்த் திருகாணியைக் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் இளக்கி, பிள்ளைகளின் அறையில் வெப்பமானியை வைத்துவிட்டு வாசலில் காவலிருந்தார். மூன்று முறை பார்த்தும் ஊசி அசையவில்லை என்ற பிறகுதான் தேத்தண்ணி குடித்தார். நான் பேசியதைப் பற்றி அன்றும் கதைக்கவில்லை, பிறகும் கதைக்கவில்லை.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். எல்லாம் பார்த்தார், எல்லாம் எழுதினார். என்னிடமும் என்ன வேலை, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவேன், வீட்டில் பிள்ளைகளின் சத்தம் எனக்குப் பிடிக்குமா என்று கேட்டார். பிள்ளைகள் படுக்கும் அறையில் சற்று நேரம் நின்றுவிட்டு, நல்ல சூடு, புதிதா என்றார். என் மனைவி கொப்பியில் இல்லாத பிரெஞ்சு வாக்கியம் ஒன்றைத் தானாகவே சொன்னாள்: "என் கணவர் தெரிவு செய்தது." நான் சிரித்துக்கொண்டு யன்னலால் வெளியே பார்த்தேன்.

சில கிழமைகளில் அனுமதிக் கடிதம் வந்தது. அவள் அதை நின்றபடியே வாசித்தாள். பழைய வேலை முடிந்த அடுத்த நாள், விடியமுன் வழக்கம்போல விழித்து, முதல் ரயில் தூரத்தில் போகும் சத்தத்தைப் படுத்தபடியே கேட்டாள். "போகுது," என்றாள். அவ்வளவுதான்.

பத்து வருடங்களாக அதே சோடியேர் மெல்லமாய் எரிகிறது. என் அறியாமையை என் மனைவியிடமிருந்து மறைத்து, கடைக்காரன் தலையில் பழியைப் போட்டு என் மானத்தைக் காத்த மனிதருக்கு நான் மனதுக்குள் பத்து வருடங்களாக நன்றி சொல்லிவருகிறேன். சென்ற கிழமை அக்ரிமோனை இரண்டாவது தடவை புதுப்பிப்பதற்கான கடிதம் வந்தபோது, இனியும் மறைப்பது சரியில்லை என்று பட்டது. காலைத் தேத்தண்ணியோடு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கடைக்காரன் பெட்டியை மாற்றவில்லை, நான்தான் வாங்கினேன், உன் அத்தான் எனக்காகப் பொய் சொன்னார் என்றேன்.

அவள் பாணுக்குப் பட்டர் பூசுவதை நிறுத்தவில்லை.

"அது நான் சொல்லச் சொன்ன பொய்யப்பா."

"என்ன?"

"ஆகச் சின்னதுதான் அத்தான் சொன்னவர் எண்டு அக்கா எனக்கு முதலே சொல்லிப்போட்டா. பெட்டியிலை எழுதிக் கிடந்ததை எனக்கு வாசிக்கத் தெரியாதே? வெள்ளிக்கிழமையே அத்தானுக்கு ரெலிபோன் எடுத்தனான். பூட்டாதேங்கோ, அவரை ஏசவும் வேண்டாம், அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு இருங்கோ, கடைக்காரன் மாத்திப்போட்டான் எண்டு சொல்லுங்கோ எண்டனான். திருப்பி ஏசாமல் இருக்கிறது தனக்குக் கஷ்டமெண்டுதான் அவர் சொன்னவர். எண்டாலும் எனக்காக இருந்தவர்."

"ஏனப்பா?"

"வீடு பாக்க வாற அதிகாரி சோடியேரை மட்டுமே பாக்கிறவ? வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம், எப்பிடி இருக்கினம் எண்டும் எழுதுவா. அண்டைக்கு அத்தான் என்ரை முன்னாலை உங்களைப் பிழையாக்கியிருந்தால் நீங்கள் ஒரு கிழமைக்கு மூஞ்சியைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்சிருப்பியள். அறை சூடாய் இருந்தென்ன, சோபாவிலை ஒரு மனுசன் உர்ரெண்டு இருந்தால் ஆர் தங்கடை பிள்ளையைக் கொண்டந்து விடுவினம்?"

அந்தக் கிழமை இந்த வீட்டை இருவர் அளந்திருக்கிறார்கள். ஒருவர் சுவரையும் யன்னலையும் அளந்தார். மற்றவள் என்னை அளந்தாள். இரண்டு கணக்கும் அரைப் பாகைகூடப் பிசகவில்லை. நான் பேசிய பேச்சை விழுங்கிக்கொண்டு, மைத்துனியின் வேலைக்காகக் கடைவரை பெட்டியைச் சுமந்து வந்த அந்த மனிதர்மேல் எனக்கிருந்த நன்றி இதனால் குறையவில்லை; இன்னொரு ஆளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகிவிட்டது. அந்த ஆள் என் முன்னால் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். லியோனுக்கு ரெலிபோன் எடுக்கவேண்டும், இன்றைக்கே, என்று சொன்னேன்.

"பின்னேரம் எடுங்கோ. அவர் இப்ப நடக்கப் போயிருப்பார்," என்றாள்.

வாசல் மணி அடித்தது. ஏழரை மணி, முதல் பிள்ளை வந்துவிட்டது.

"போய்த் திறவுங்கோ. சிரிச்சுக்கொண்டு."

சிரித்துக்கொண்டு திறந்தேன். மாலி நாட்டுக் குடும்பத்துச் சின்னப் பெண், மூன்று வயதிருக்கும், தாயின் கையை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். மேலங்கியைக் கழற்றி என் கையில் திணித்தாள். என்னைத் திரும்பியும் பார்க்காமல், "பசிக்குது" என்று தமிழில் கூவிக்கொண்டு என் மனைவியை நோக்கி ஓடினாள்.