பாப்பா அம்மா என்று கூப்பிட்ட நாள்

திண்டிவனத்தில் இருந்த சித்தி விஷக்காய்ச்சலில் இறந்துபோன வருஷம் எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. அப்பாவுக்கு விழுப்புரம் ரயில்வேயில் வேலை. சித்திக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. சித்தப்பா வீட்டில் வேறு பெண்கள் கிடையாது. அதனால் குழந்தையை நாங்களே வளர்ப்பது என்று முடிவாயிற்று.

தங்கையின் காரியம் முடிந்து திரும்பியதிலிருந்து அம்மா அழவே இல்லை. மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே எங்களைத் தயார் செய்தாள்.

"பாப்பா இனிமே நம்ம வீட்டுப் புள்ள. சித்தி பொண்ணுன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"அது எங்க படுக்கும்?" என்றான் தம்பி. அம்மாவை ஒட்டிப் படுப்பவன் அவன்தான்.

"எம் பக்கத்துல. நீ அக்காகூடப் படுத்துக்க."

அவன் உதட்டைப் பிதுக்கினான். "சித்தி வந்து கேட்டா குடுத்துடுவியா?"

அம்மாவின் கை நின்றது. "அவ வரமாட்டாடா."

ஞாயிற்றுக்கிழமை அப்பா போய்க் குழந்தையைத் தூக்கி வந்தார். "வந்துட்டீங்களா?" என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே குரல். பாப்பா அப்பாவின் தோளிலிருந்து திமிறி இறங்கி, "ம்மா" என்று உள்ளே ஓடினாள். அம்மா திரும்பினாள். முகத்தைப் பார்த்ததும் குழந்தை நின்றுவிட்டது. பிறகு கதவுக்குப் பின்னால் போய்த் தேடியது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். தம்பிதான் பாப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தான். "உங்கம்மா இங்க இல்ல. எங்கம்மாவ வச்சிக்கோ," என்றான். அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

பல வாரம் கதவுச் சத்தம் கேட்டாலே பாப்பா எட்டிப் பார்த்தாள். மெல்ல அது நின்றது. ஒருநாள் தட்டோடு வந்து, "அம்மா, சோறு" என்றாள். நாங்கள் இருவரும் கைதட்டிக் குதித்தோம். அம்மா சோறு ஊட்டி முடித்து, கொல்லைப்புறம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"ஏம்மா அழுதுக்கினு இருக்க? உன்ன அம்மான்னு கூப்பிட்டுச்சே!"

"அதான்டி. எந்தங்கச்சிய மறந்துட்டா."

பாப்பா எங்களோடுதான் வளர்ந்தாள். சித்தப்பா எப்போதாவது பார்க்க வருவார். எங்களைப் போலவே அவளும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவர் ஒரு தடவையும் திருத்தவில்லை.