அஸருக்குள் மதுரை

பெட்டியின் பிடியில் சுற்றியிருக்கும் விமானக் கம்பெனி டேக்கைத்தான் பீர் முகமது முதலில் படிப்பார். சக்கரம் உடைந்ததா, ஜிப் போனதா என்பதெல்லாம் பிறகு. “சென்னை வழியாவா போனீங்க? அங்க எவ்வளவு நேரம் உக்கார வச்சான்?” என்பார். புனேயின் கராடிப் பகுதியிலிருந்து வரும் தமிழ் சாஃப்ட்வேர் பையன்கள் விழிப்பார்கள். ஒருவன், “தெரியல அங்கிள், தூங்கிட்டேன்” என்றான். “அரே, நான் இங்க முழிச்சிக்கிட்டுக் கெடக்கேன், நீ தூங்குனியா?” நிஜமாகவே கோபம்.

புனேயின் கேம்ப் கடைவீதியில் பெட்டிகளும் பைகளும் விற்பது, பழுது பார்ப்பது அவர் தொழில். சொந்த ஊர் இளையான்குடி. விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

1993-இல் அவருடைய அத்தா இறந்தார். மய்யித்தை அதிக நேரம் வைத்திருப்பது அவர்கள் வழக்கமல்ல. அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டார்கள். இவர் ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். கபரின் மேல் மண் காய்ந்திருந்தது. மகன் போட வேண்டிய மூன்று பிடி மண்ணைப் போடாத கை என்று வலது கையை விரித்துக் காட்டுவார். அம்மாவின் அடக்கத்துக்காவது நேரத்தோடு போய்விட வேண்டும். டேக் விசாரணை அதற்காகத்தான்.

புனே விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ ஆயிரத்து எழுபது கிலோமீட்டர். பறக்க இரண்டு மணி நேரம் போதும். நேரே பறக்கத்தான் விமானம் ஒன்றும் இல்லை. சென்னையில் இறங்கி, காத்திருந்து, மாறி, அப்புறம் கார். விடியற்காலையில் சேதி வந்தாலும் அடக்கத்துக்கு எடுத்துவிடும் பிற்பகல் அஸர் தொழுகைக்குள் அம்மா வாசலை மிதிக்க முடியாது. “அஸருக்குள்ள மதுரைல எறங்குனாலும் பத்தாது சார். அங்கேருந்து ஒன்றரை மணி நேரம். பொழுது சாயுற மக்ரிபு வரைக்கும் வச்சிருக்கச் சொல்லணும்” என்பார் என்னிடம்.

ஆனால் இத்தனை ஆண்டுகளில் அவர் ஊருக்குப் போனது இரண்டே முறை. கடையைச் சாத்தினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்பார்.

2006 மார்ச்சில் ஒரு ஞாயிறு, என் பெட்டியின் பூட்டைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஞாயிறுதோறும் ஊரிலிருக்கும் அண்ணன் வஹாபிடம் கெஞ்சுவது போல அன்றும் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தார். “ஜமாத்துல இப்பவே ஒரு வார்த்தை சொல்லி வையிண்ணே. மக்ரிபு வரைக்கும்தான்...”

மறுமுனையில் ரிசீவர் கை மாறியது. அம்மாவுக்குக் காது மந்தம். அவர் போடும் சத்தம் எனக்கும் கேட்டது.

“டேய் பீரு, என் மவுத்துக்கு நீ நேரம் குறிக்கிறியா?”

“இல்லம்மா, பிளேன் ஒத்து வரலம்மா...”

“நான் இட்லியத் தின்னுட்டு உசுரோடதான உக்காந்திருக்கேன்? இப்பக் கெளம்பி வா. பிளேனு லேட்டானாத்தான் என்னடா? நான் எங்கிட்டு ஓடப் போறேன்?”

பீர் முகமது ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் எழுந்தார். அதன் சுருள் வயர் எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு தூரம் எட்டி, வாசலில் தொங்கவிட்டிருந்த பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே வைக்க ஆரம்பித்தார்.