கிஃபாயத்துல்லாவின் கை

ஊர் எல்லைப் பனைமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி, கைக்குட்டையை நாலாக மடித்து மணிக்குள் திணித்த பிறகுதான் கிஃபாயத்துல்லா எங்கள் ஊருக்குள் நுழைவார். மணிச் சத்தம் கேட்டால் தெருவில் ஒரு குழந்தை மிஞ்சாது. ஒருமுறை கைக்குட்டையை மறந்து வந்துவிட்டார். வண்டிப்பாதைக் குழியில் மணி தானாகக் குலுங்கியது. அன்று இரண்டு குழந்தைகளை நெற்குதிருக்குள்ளிருந்தும், ஒன்றைக் கன்றுக்குட்டிக்குப் பின்னாலிருந்தும் எடுக்க வேண்டியிருந்தது.

ஜில்லா போர்டில் அம்மை குத்தும் உத்தியோகம். வயது முப்பத்தெட்டு. காக்கிச் சட்டை, வெள்ளைத் தொப்பி, பின் சீட்டில் ஈரத்துணி சுற்றிய தகரப்பெட்டி. யாருக்குக் குத்த வேண்டும் என்ற பட்டியலை அவர் ஊர்ப் பிறப்புப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எடுப்பார். அந்தப் பதிவேட்டை எழுதுகிறவன் நான் என்பதால் ஏழு வருஷமாகப் பழக்கம். குத்துவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரே வாக்கியம் சொல்வார்: "எறும்பு கடிக்கிற மாதிரிதான் கண்ணு." பெரிய வார்த்தை வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

சோழவரத்தைச் சுற்றி முப்பத்தொரு ஊர்களில், சோறு உண்ணாத குழந்தைக்கு அவர் பெயர்தான் மருந்து. "துன்றியா, இல்ல பாயைக் கூப்புடட்டுமா?" என்றால் தட்டு காலி. அந்த மருந்து வேலை செய்யாத ஒரே வீடு அவருடையது. தன் தெருமுனை வந்ததும் கைக்குட்டையை உருவிவிட்டு மணியை அடித்துக்கொண்டே போவார். கமர் நிஷா, ஏழு வயது, ஒரு தோளில் தொங்குவாள். நசீம் பானு, நாலு வயது, மறு தோளில். அவருடைய மனைவி மெஹர்னிசா ஒருநாள் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னது எனக்கே கேட்டது: "ஊர்ல இருக்கிற கொயந்தைங்கல்லாம் உங்க பேரச் சொன்னா துன்னுதுங்க. இதுங்க உங்க தலமேல ஏறி ஒக்காந்துக்கினு இல்ல துன்னுதுங்க! நான் யாரக் காட்டி பயமுறுத்துறது?"

சென்ற மாசி மாதம் மெஹர்னிசா மூன்றாவது பிரசவத்துக்காகப் பழவேற்காட்டில் தாய்வீட்டுக்குப் போனார். பெண்கள் இருவரும் வாப்பாவை விட்டு வரமாட்டோம் என்று கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவர்களும் அம்மை குத்தப் புறப்பட்டார்கள்.

தலை பின்னுவது கிஃபாயத்துல்லா. வகிடு நடுவிலிருந்து ஒன்றரை விரற்கடை தள்ளிப் போகும். ஒரு ஜடை காதுக்கு மேலே தொடங்கும், மற்றது கழுத்துக்குக் கீழே. ரிப்பன் கிடைக்காத நாளில் இலாகாவின் கட்டுத்துணி.

சைக்கிளில் யார் முன் கம்பியில் உட்காருவது என்பதில் தினமும் வழக்கு. பர்லாங்குக் கல்லுக்குக் கல் இடம் மாற வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஒருநாள் நான் நடந்தே அவர்களுக்குப் பின்னால் வந்தேன். இரண்டு மைல் மூன்று பர்லாங்கிலும் சைக்கிளால் என்னை விட்டு விலகிப் போக முடியவில்லை.

"கல்லு வந்துட்சி, எறங்குடீ!" என்றாள் கமர்.

"வரல."

"வாப்பா, இவ கண்ண மூடிக்கினு கல்லு வரலன்றா!"

"சண்ட போட்டீங்கன்னா நான் எறங்கிடுவேன். நீங்க ரெண்டு பேரும் மிதிச்சிக்கினு வாங்க" என்றார் கிஃபாயத்துல்லா. "சரி" என்றாள் நசீம், உடனே.

மார்ச் 31, சனிக்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு அவர்கள் மூவரும் வந்தபோது ஊர் சிரிக்கும் நிலையில் இல்லை. பக்கத்து ஊரில் இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை கண்டுவிட்டது. முன்பு குத்திக்கொண்டவர், குத்திக்கொள்ளாதவர் எல்லோருக்கும் அன்றே குத்த வேண்டும் என்பது உத்தரவு. என் பட்டியலில் குழந்தைகள் மட்டும் இருபத்து மூன்று. பஜனை மடத்து நிழலில் பெட்டியைத் திறந்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை. வெயில் ஏறினால் பெட்டியில் இருக்கும் அம்மைப்பால் மருந்து கெட்டுவிடும்.

கடைசியில் பூவம்மாள் வந்தாள், பின்னால் ஊர்ப் பெண்களோடு. கிணற்றடியில் அவள் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. ஆறு வயது மகள் கங்கம்மாவைப் புடவைக்குப் பின்னால் மறைத்திருந்தாள்.

"ஒரு நாயம் கேக்கறேன் பாயி. உன் பொண்ணுங்களுக்குக் கைக்கொயந்தையில நீ குத்தலியாமே? பொன்னேரிலேர்ந்து வேற ஆள வரவெச்சி குத்தினியாமே?"

"ஆமாம்மா. பெத்த புள்ளன்னா கை ஆடுது."

"ஊரான் ஊட்டுப் புள்ளன்னா ஆடாதா?"

கூடி நின்ற பெண்கள் அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு, "கமரு, இங்க வாம்மா. இன்னிக்கி வாப்பாவே குத்தறேன்" என்றார்.

கமர் நிஷா வந்தாள், ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "மொதல்ல உனக்கு."

அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். முள் வைத்த திருகுக் கருவியை ஸ்பிரிட் விளக்கில் காட்டி ஆறவிட்டு, தன் இடது புஜத்தில் மருந்தைத் தடவி, அதன்மேல் வைத்துத் திருகினார். "ஸ்ஸ்... யா அல்லா!" என்ற சத்தம் மடத்துக்கு வெளியேயும் கேட்டது.

நசீம் கூட்டத்தின் பக்கம் திரும்பி அறிவித்தாள்: "பெரிய எறும்பு!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கடைசியில் நிறுத்தியது பூவம்மாள்.

கமருக்கு இன்னும் ஒரு நிபந்தனை இருந்தது. "எனக்கு யாராச்சும் ஒயுங்கா தல பின்னி உடணும்."

பூவம்மாள் அவளைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னா பாயி இது? ஜடையா, கெணத்துக் கவுறா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்து, அவளை முழங்கால்களுக்கிடையில் இழுத்து, கட்டுத்துணியை அவிழ்த்தாள். சிக்கு எடுக்கும்போது கமர் நிஷா மூன்று முறை அலறினாள். அம்மை குத்தியபோது ஒரு முறைதான்.

நசீம் பானுவின் முறை வந்தது. கருவியை ஒரு தடவை சூடுகாட்டினால் போதும். அவர் மூன்று தடவை காட்டினார். தொப்பியைக் கழற்றி வைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். குனிந்தபோது அவர் வலது கை, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, எல்லோரும் பார்க்க ஆடியது. நசீம் தன் மற்றொரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஆடாத வாப்பா. அப்புறம் எனக்குப் பயமா இருக்கும்."

கை நின்றது. குத்திவிட்டார். அவள் அழுதது ஒன்றேகால் நிமிஷம். அவர் அழுததை நான் நேரம் பார்க்கவில்லை.

குத்திய இடம் காயும்வரை எதுவும் படக் கூடாது. ஆகவே மூவரும் மடத்துப் படியில் வரிசையாக உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி, இடது கையை நேரே நீட்டி வைத்துக்கொண்டார்கள். எரிகிறது என்றாள் நசீம். அவர் குனிந்து அவள் கையை ஊதினார். எனக்கு என்றாள் கமர். அவளுடையதையும் ஊதினார். பிறகு நசீம் அவருடையதை ஊதினாள். எச்சில்தான் அதிகம் வந்தது.

பூவம்மாளின் புடவைக்குப் பின்னாலிருந்து கங்கம்மா வெளியே வந்தாள். ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். பிறகு படியில் கமர் நிஷாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் குத்தாத தன் இடது கையை நீட்டினாள். பூவம்மாள் வாயைத் திறந்தாள்; ஆனால் கூப்பிடவில்லை.

கிஃபாயத்துல்லா உடனே கருவியை எடுக்கவில்லை. கமரைத் தாண்டிக் குனிந்து, முதலில் அந்தக் கையையும் ஊதினார்.