ஒழுங்கைக்குள் வாகனம் எண்ணிய நாள்

நீல ஓட்டோ மூன்றாவது தடவையாக என்னைக் கடந்து போனபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அப்போது நான் கல்முனையை ஒட்டிய கரையோர ஊரொன்றில், மாநகர சபையின் திட்டமிடல் பிரிவில் டெக்னிக்கல் ஒபிசராக இருந்தேன். மெயின் ரோட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் ஐந்து மாடித் தொடர்மாடி வீடு கட்ட ஜௌபர் என்பவர் அனுமதிக்குப் பிளான் கொடுத்திருந்தார். கட்டாரில் பாடுபட்டுத் திரும்பியவர். கட்டடம் வரவிருந்த வளவு மனைவிக்குச் சீதனமாக வந்தது. கீழ்த்தளம் முழுக்கக் கடைகள். பார்க்கிங் என்று காட்டியிருந்த இடத்தில் இரண்டு கார் நிற்கும், இரண்டும் சிறிய காராக இருந்தால்.

ஒழுங்கைக்காரர்கள் எதிர்த்தார்கள். முன்னின்றவர் றஷீத் ஹாஜியார், ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர்.

"மிஸ், இப்பவே ரெண்டு ஓட்டோ எதிரும் புதிருமா வந்தா ஒண்டு பின்னுக்குப் போகணும். இத்தின குடும்பம் வந்தா அந்த வாகனமெல்லாம் எங்க நிக்கிற? என்ட வாசல்லயா?"

ஜௌபரும் விடவில்லை. "அந்த ஒழுங்கையில வாகனமே இல்ல மிஸ். நடு ரோட்டுல ஆடு படுத்துக் கிடக்கு."

இருவரையும் கேட்ட சபை ஆணையாளர் என்னைக் கூப்பிட்டு, "போய் ஒருநாள் முழுக்க எண்ணிக்கிட்டு வாங்க" என்றார். நான் நாள் குறித்து, முறைப்படி இரு தரப்புக்கும் அறிவித்தேன்.

அன்று காலை ஒழுங்கையின் நடுப்பகுதியில் ஒரு வேப்ப மர நிழலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்தேன். ஹாஜியார் தேத்தண்ணி அனுப்பினார். மோட்டார் சைக்கிள்கள் வந்தன. வெறும் லொறி ஒன்று வந்து, வெறுமையாகவே திரும்பியது. நீல ஓட்டோவை ஓட்டியவர் றம்சின் என்ற இளைஞர். பின்னால் ஒரு பெண். மூன்றாம் தடவை கையைக் காட்டி நிறுத்தினேன்.

"எங்க தம்பி போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு மிஸ்."

"முதலும் அங்கதானே போனீங்க?"

"ஓம். கிளினிக் கொப்பிய மறந்திட்டம்."

"அதுக்கு முதல்?"

றம்சின் திரும்பிப் பின்னாலிருந்த பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது சும்மா மிஸ்" என்றார் றம்சின்.

கொஞ்ச நேரத்தில் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து வாகனம் வருவது நின்றுவிட்டது. நடந்து போய்ப் பார்த்தேன். ஒழுங்கை மெயின் ரோட்டில் ஏறும் வாயின் குறுக்கே கயிறு கட்டி, ஜௌபரின் ஆள் ஒருவர் காவலுக்கு நின்றார்.

"பைப் வேல மிஸ். அங்கால ரோட்டால கிறுகிப் போகச் சொல்லி இரிக்கன்."

"பைப் எங்க?"

"அது இனித்தான் வரும்."

எண்ணிக்கையைக் கூட்ட ஹாஜியாரின் ஆட்கள் வாகனங்களைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டிருந்தார்கள். சுற்றுவதற்கு அந்த வாயால் வெளியே போக வேண்டும். கயிற்றைக் கண்டதும் முன்னால் வந்தது நின்றது. அதற்குப் பின்னால் மற்றவை நின்றன. எதிர்ப்பக்கம் திரும்பப் பார்த்தவர்கள் குறுக்கே மாட்டிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றிய ட்ராக்டர் ஒன்று வந்து வரிசையின் வாலில் நின்றது. பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகியது.

"கலியாண வீடா, மௌத்து வீடா?" என்று கேட்டார் ட்ராக்டர்காரர். ஹோர்ன் அடித்தார். "ரெண்டுமில்லாட்டி வழிய விடுங்க. மீன் பழுதாகுது."

அப்போதுதான் பக்கத்துக் குர்ஆன் மதரசா விட்டது.

பிள்ளைகள் வழக்கமாக வரும் வழியாகவே வந்தார்கள். ஒரு மதிலிலிருந்து மறு மதில் வரை வாகனம். சில்லுகளுக்கு நடுவில் நுழைந்தார்கள். ட்ராக்டருக்கு வழிவிட றம்சின் குறுக்கே நின்ற ஓட்டோவை மதில் பக்கமாகப் பின்னால் எடுத்தார். பின்னால் ஒரு சிறுமி. அவளுடைய முக்காடு ஒரு மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் சிக்கியிருந்தது. தூரத்திலிருந்து கண்டேன். கையை வீசிக்கொண்டு ஓடினேன்.

ஹாஜியார் ஓடிப் போய் ஓட்டோவின் கூரையில் இரண்டு கையாலும் அடித்தார். ஓட்டோ நின்றது. பிள்ளையின் முதுகு மதிலில். அவள் நெஞ்சோடு பிடித்திருந்த குர்ஆன் பையை ஓட்டோவின் பின்பக்கம் தொட்டுக்கொண்டிருந்தது. காயம் ஒன்றுமில்லை. சிக்கிய முக்காட்டை எடுத்துவிட்டதும் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

றம்சின் இறங்கி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். ஹாஜியார் அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

"உன்ட பிழையில்ல மனே. சுத்தச் சொன்ன நான்தான்."

யாரோ போன் பண்ணி ஜௌபர் வந்தார். தானே கயிற்றை அவிழ்த்தார். பிறகு மோட்டார் சைக்கிள்களைத் தூக்கி ஓரமாக வைத்தார். ஹாஜியாரும் ஒரு பக்கம் பிடித்தார்.

நடந்ததை ஆணையாளரிடம் சொன்னேன்.

"அப்ப எண்ணிக்க?"

"இல்ல சேர். ஒரு பக்கம் கூட்டின, மறு பக்கம் குறைச்ச."

"பிறகு என்னத்த எழுதுற?"

"வாகனம் நிண்டா பிள்ளைக்கு ஒதுங்க இடமில்ல எண்டு எழுதலாம்."

பைலை என் பக்கம் தள்ளினார். "எழுதுங்க."

எழுதுவதற்கு முதல், யாருக்கும் சொல்லாமல் மதரசா விடும் நேரங்களில் சில நாள் போய் நின்றேன். வாகனம் குறைவுதான். நடு ரோட்டில் ஆடு படுத்திருந்தது. ஜௌபர் பொய் சொல்லவில்லை. ஆனால் சீமெந்து இறக்க ஒரேயொரு லொறி நின்ற அன்று பிள்ளைகள் கழிவுநீர்க் கானின் விளிம்பில் கால்வைத்து நடந்தார்கள். ஹாஜியாரும் பொய் சொல்லவில்லை.

கடைகள் வேண்டாம், கீழ்த்தளம் முழுக்கப் பார்க்கிங், வாகன வாசல் வளவின் பின்பக்கத்து அகல ரோட்டில் என்று சிபாரிசு செய்தேன். "கட இல்லாட்டி இத ஏன் மிஸ் கட்டுற?" என்று ஜௌபர் கோபித்தார். "நாங்க நிப்பாட்டச் சொல்லித்தானே கேட்ட" என்று ஹாஜியார் கோபித்தார். சந்தையில் கண்டால் இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள். ஆனாலும் ஜௌபர் அந்த மாதிரியே கட்டினார், ஒரு மாடி குறைத்து. இப்போது வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். விருந்தாளிகளின் வாகனம் ஒழுங்கையில் நின்றால் ஹாஜியார் வெளியே வந்து ஏசுகிறார். அதற்குச் சபை செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ரோட்டைப் பார்க்கப் போனால் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரத்தில் போய் நில்லுங்கள். வாகனம் எங்கே நிற்கும் என்பதைப் பிறகு பார்க்கலாம். பிள்ளை எங்கே ஒதுங்கும் என்பதை முதலில் பாருங்கள்.