இரண்டாம் கை

மகள், மகன், நேற்றுச் சாப்பாட்டு நேரம் நீங்கள் பிடித்த சண்டை இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. கேம் பெட்டி நல்லதா, கம்ப்யூட்டர் நல்லதா என்று என்னிடம் தீர்ப்புக் கேட்டீர்கள். பாசிக்குடா ஹோட்டலில் நாள் முழுக்கக் கட்டில் விரிப்புகளைத் துவைத்துவிட்டு வந்த களைப்பு. சோற்றில் கை வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

சின்ன வயதில் களுவாஞ்சிக்குடி வீட்டில் எங்களிடமும் ஒரு கேம் பெட்டி இருந்தது. டிவியில் கொழுவி ஆடுவது. அதில் வயரோடு இரண்டு பிடிகள். அவற்றைக் 'கை' என்போம். முதலாம் கை எனக்கு. வீட்டில் வேறு பிள்ளை இல்லை, ஆகவே இரண்டாம் கை அப்பாவுக்கு.

அப்பா இரவெல்லாம் வாவியில் வலை போட்டுவிட்டு விடியத்தான் வருவார். பின்னேரம் நான் பள்ளி விட்டு வந்ததும், "கையைத் தா மனே" என்று பாயில் பக்கத்தில் குந்துவார். கொஞ்ச நேரத்தில் அவருடைய ஆள் டிவிக்குள் ஒரு மரத்தடியில் சும்மா நிற்பான். திரும்பிப் பார்த்தால் அப்பா நித்திரை.

ஒருநாள் கடைசிக் கோட்டைக்கே வந்துவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து போனால்தான் கதவு திறக்கும். "அப்பா, வாங்க!" என்று அவருடைய வயரைப் பிடித்து உலுப்பினேன். கண் திறக்காமலே, "மீன் பட்டிட்டு!" என்று அப்பா வலை இழுக்கிற மாதிரி வயரை மளமளவென்று இழுத்தார். பெட்டி மேசையிலிருந்து பொத்தென்று விழுந்தது. டிவி கறுத்துப்போனது.

வாசலில் நின்ற மாமா, அம்மாவின் தம்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன மச்சான், கொடுவா மீனா?"

"இல்லடா, பெட்டி" என்றார் அப்பா, வயரை இன்னும் விடாமல்.

மாமா சந்தைப் பக்கம் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார். "அழாத மருமகன். கம்ப்யூட்டரில விட்ட இடத்திலேருந்து ஆடலாம். உனக்கு எதிரா அதுவே ஆடும். நித்திரை கொள்ளாது" என்று என்னைக் கூட்டிப்போனார். உண்மைதான். எவ்வளவு ஆடினாலும் அது ஒரு கொட்டாவி விடவில்லை.

அடுத்த நாள் அப்பா பெட்டிக்குப் பிளாஸ்டர் ஒட்டி, கொழுவி வைத்துவிட்டு, வழக்கம்போலப் பாயில் குந்தியிருந்தார்.

"இனி நீங்க ஆடத் தேவல்லப்பா. நான் மாமாட்டப் போறன். நீங்க படுங்க" என்றேன். அவருக்குப் பெரிய உதவி செய்வதாகவே நினைத்தேன்.

"ஓம் மனே. போய் ஆடு."

வேலிப் படலையில் நின்று திரும்பிப் பார்த்தேன். அப்பா படுக்கவில்லை. இரண்டாம் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். இவ்வளவு களைத்த மனிசன் ஏன் படுக்கவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மகள், நீ சொல்வது சரி. கம்ப்யூட்டர்தான் கெட்டிக்காரன்.

இன்று காலை நீங்கள் பள்ளிக்குப் போன பிறகு டிவி மேசைக்கு அடியில் துழாவினேன். உங்கள் கேம் பெட்டியின் இரண்டாம் கை, மகள், நீ வேண்டாமென்று போட்டது, சார்ஜ் இறங்கிக் கிடந்தது. தூசி துடைத்து, சார்ஜில் போட்டேன். சின்ன லைட் ஒன்று பற்றியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.