அம்பாசிடருக்குக் கலப்பத்து அடித்த ரோச் தண்டல்

தூத்துக்குடியில் காருக்கு அணியம் உண்டு என்று சொன்ன ஒரே ஆள் ரோச் தண்டல்தான். வண்டியின் முன்பக்கத்தை அப்படித்தான் சொல்லுவார். முப்பது வருஷம் தோணியில் இருந்த வாய், ஒரு அம்பாசிடர் வாங்கியதும் மாறிவிடுமா? கப்பலுக்குக் கேப்டன் மாதிரி தோணிக்குத் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்து ஓட்டியவர், எழுபத்தைந்தாம் வருஷக் கடைசியில், திருநெல்வேலி டாக்டர் ஒருவர் ஓட்டித் தீர்த்த காரை வாங்கி வந்து என் பட்டறை வாசலில் நிறுத்தினார். நிறுத்தினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அங்கே அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள்தான் நிறுத்தின.

"பிரேக்கு எங்கன இருக்குன்னு தெரியுமா தண்டலே?" என்று கேட்டேன்.

"தெரியும்வே. மிதிச்சதும் நிக்க இதென்ன மாடா? தோணி நிக்கதுக்கு அரை மைல் ஆவும்."

அவர் கடலை விட்டதற்குக் காரணம் அவர் சம்சாரம் பிளாரன்ஸ். கல்யாணம் ஆன நாளிலிருந்து கிறிஸ்துமஸுக்கு அந்த மனுஷர் வீட்டில் இருந்ததைவிடக் கொழும்பில் இருந்ததுதான் அதிகம். கடைசியாகப் போன நடையில் காற்றில் பாய்மரம் முறிந்து, தோணி எங்கோ போய் ஒதுங்கிவிட்டது. ஆள் செத்துப்போனார் என்று வீட்டில் ஜெபம் சொல்லி முடித்து, வந்தவர்களுக்குக் காப்பியும் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் ஒரு நாள் பன்றி ரோமம் மாதிரித் தாடியோடு வந்து வாசலில் நின்றார். பிளாரன்ஸ் அழவில்லை. "இனிமே நீங்க தரையில பிழைக்கணும். என்ன வேலைன்னாலும் சரி, சாயங்காலம் வீட்டுக்கு வரணும்" என்று மட்டும் சொன்னாள்.

தோணி முதலாளி ஞானையாவுக்கு இது பிடிக்கவில்லை. ரோச் மாதிரித் தண்டல் அவருக்கு வேறு கிடைக்கமாட்டான். "பாப்போம். தை முடியட்டும். கார் ஓடலன்னா தன்னால வந்து தோணியில ஏறுவாரு" என்று கடைத்தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ரோச்சுக்கும் ரோஷம் வந்து, தை மாதத்துக்குள் ஒரு கல்யாண சவாரியாவது ஒழுங்காக ஓட்டாவிட்டால் தோணிக்கே திரும்பிவிடுகிறேன் என்று நாலு பேர் முன்னால் வாயைக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் வாடகைக் காருக்குக் கல்யாணம்தான் விளம்பரம். பெண் இறங்குவதைப் பார்க்கிற கண்ணெல்லாம் காரையும் பார்க்கும்.

பிளாரன்ஸ் நேர்ந்துகொண்டதன் பலனோ என்னமோ, ஒரு கல்யாணம் கிடைத்தது. சங்கு வியாபாரி பர்னபாஸின் மகள் இசபெல்லாவை வேம்பாரில் கொடுக்கிறார்கள். விடியலில் பெண்ணை ஏற்றிக்கொண்டு போய், வேம்பார்க் கோயிலில் பூசை நேரத்துக்குச் சேர்க்க வேண்டும்.

அதற்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் சொட்டு ஆரம்பித்தது.

தை மாதக் காலை, நல்ல பனி. காரைக் கிளப்பிவிட்டுப் பின்னால் போய் நின்ற ரோச், புகைக்குழாயின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருக்கிறார். குனிந்து பார்த்தால், வண்டிக்கு அடியில் தொங்கும் சைலன்சரின் வயிற்றில் ஒரு பொடி ஓட்டை. அங்கேயும் சொட்டு. தோணிக்காரருக்கு அடியில் தண்ணீர் என்றால் வேறு அர்த்தமே கிடையாது. கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தார். கரி கசந்தது, உப்பு இல்லை. கடலில் முங்கிக் கிடந்த காரைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்ற பயம் அதோடு தீர்ந்தது. ரேடியேட்டரைத் திறந்து பார்த்தார். தண்ணீர் தளும்ப நின்றது. நேராகப் பெட்ரோல் பங்க்குக்குப் போய், "பெட்ரோல்ல தண்ணி கலக்கீரோ?" என்று கேட்டார்.

அங்கே பெட்ரோல் அடிக்கிற மாடக்கண்ணு லேசுப்பட்டவன் இல்லை. "காலையிலும் சாயங்காலமும் வண்டியைப் போட்டு அந்தக் குளிப்பாட்டு குளிப்பாட்டுதீரு. அதுக்குச் சளி பிடிச்சிருக்கும். சுக்குத் தண்ணி குடும்" என்றான்.

என் பட்டறை அவர் தெருமுனையில்தான் இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் ஒழுக்கு விஷயத்தில் ஒரு தண்டல் தரைக்காரனிடம் யோசனை கேட்பானா? தோணியில் பலகை இடுக்கில் நீர் கசிந்தால், எண்ணெயில் ஊறிய பஞ்சை உளி வைத்து அடித்துத் திணித்து, மேலே குங்கிலியம் பூசி அடைப்பார்கள். அதற்குக் கலப்பத்து என்று பெயர். ரோச் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சைலன்சர் ஓட்டைக்கு ஒரு கலப்பத்து அடித்தார். சூட்டுக்குத் தாங்க வேண்டுமே என்று குங்கிலியத்துக்குப் பதிலாகச் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினார். வேலை சுத்தம். அதை நான் பின்னால் பார்த்தேன்.

அப்புறம் அந்த வாரம் முழுக்க, காலையில் எழுந்ததும் காரைக் கிளப்புவார். இரண்டு நிமிஷம் உறுமவிட்டு அடியில் குனிந்து பார்ப்பார். ஓட்டையில் சொட்டு இல்லை. அணைத்துவிடுவார். சந்தேகம் வந்தால் மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கல்யாணத்துக்கு முந்தி வண்டி அலுத்துவிடக் கூடாது என்று வேறு சவாரியும் ஏற்கவில்லை. மிஞ்சிப்போனால் மாதா கோயில் வரைக்கும் ஒரு நடை.

கல்யாணத்தன்று விடியலில் பர்னபாஸ் வீட்டு முன்னால் தெருவே கூடியிருந்தது. நானும் போயிருந்தேன். அம்பாசிடர் மாலை போட்டுக்கொண்டு நின்றது. ஞானையா சலவை வேட்டியும் சலவைச் சட்டையுமாக வந்து, சரியாக டிக்கிக்குப் பின்னால் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேச ஆரம்பித்தார்.

"தோணியில சரக்கு ஏத்தியாச்சு. தண்டலுக்குத்தான் காத்துக் கெடக்கு. என்ன ரோச்சு, இன்னைக்குச் சாயங்காலம் வாரீராவே?"

ரோச் உள்ளே ஏறிக் காரைக் கிளப்பினார். அடியிலிருந்து களக் களக் என்று ஒரு சத்தம். பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கேட்குமே, அது மாதிரி. ஞானையா காதைத் தாழ்த்திப் பின்பக்கம் குனிந்தார்.

"தண்டலே, உம்ம வண்டிக்குள்ள அலை அடிக்கி."

ரோச்சுக்குக் கோபம் தலைக்கு ஏறி ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினார். ஒரு வாரத்துத் தண்ணீர், கரியும் துருவும் கலந்து, குழாய் வழியே பீச்சி அடித்தது. ஞானையாவின் இடுப்புக்குக் கீழே வெள்ளை என்று ஒன்று மிச்சம் இல்லை.

முதலில் சிரித்தது கல்யாணப் பெண்தான். அவள் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். பர்னபாஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"இந்த வண்டியிலயா என் பிள்ளைய அனுப்புவேன்? வேம்பாருக்குப் பாதி வழியில முங்கிருமேவே" என்றார்.

"வேற காருக்கு ஆள் விடும்" என்றார் ஞானையா, வேட்டியைப் பிழிந்துகொண்டே. "நான் அப்பவே சொன்னேன், யாரு கேக்கா?"

ரோச் இறங்கி நின்றார். கூட்டத்தில் நின்ற பிளாரன்ஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஜெபமாலை இருந்தது; உருட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

நான் சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் புகுந்து, ஓட்டையைத் தடவிப் பார்த்து, ஸ்குரூடிரைவரால் அந்தப் பஞ்சை நெம்பி எடுத்தேன். மிச்சத் தண்ணீர் என் தோளில் கொட்டியது.

"இதை அடைச்சது யாரு?"

"நான்தான். ஒழுகிச்சு" என்றார் ரோச்.

"ஒழுகுததுக்குத்தான்வே கம்பெனிக்காரன் ஓட்டையே வச்சிருக்கான்."

"தண்ணி எங்கருந்துவே வருது? ரேடியேட்டர்ல குறையல. பெட்ரோல்லயும் இல்லைங்கான்."

வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன். "தோணியில அரிக்கேன் விளக்கு பொருத்துவீருல்லா? சிம்னியக் கவுத்ததும் கண்ணாடி எப்படி இருக்கும்?"

கொஞ்சம் யோசித்தார். "வேர்க்கும். மங்கலாப் படியும். அப்புறம் தெளிஞ்சிரும்."

"அங்க தண்ணி ஊத்தினது யாரு? மண்ணெண்ணெய் எரிஞ்சா புகையோட ஆவியும் வரும். பெட்ரோலும் அப்படித்தான். குழாய் குளுந்து கெடந்தா ஆவி தண்ணியாச் சொட்டும். குழாய் சுட்டுப்போச்சுன்னா ஆவி ஆவியாவே வெளிய போயிரும். நீரு வாரம் பூரா அதைச் சுடவே விடல. கிளப்பிக் கிளப்பி அணைச்சு, உள்ள ஊறுனதுக்கு வழியையும் அடைச்சுட்டீரு."

பர்னபாஸ் என் பக்கம் திரும்பினார். "அப்ப எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. ஓட ஓடக் காஞ்சிரும்."

"அப்ப நீரும் ஏறும். நடுவழியில நின்னா உம்மள இறக்கித் தள்ளவிடுவேன்."

அப்படிச் சொன்னாலும் பர்னபாஸ் யோசித்துக்கொண்டுதான் நின்றார். இசபெல்லா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். "வேற கார் வந்து சேருததுக்குள்ள சாமியார் பூசைய முடிச்சுட்டுச் சாப்பிடப் போயிருவாரு. ஏறுங்கப்பா" என்றாள். ஞானையா என்னமோ சொல்ல வாய் திறந்தார். யாரும் கேட்கவில்லை.

உப்பளம் தாண்டுகிறவரைக்கும் பர்னபாஸ் பின் கண்ணாடி வழியாகப் புகையையே பார்த்துக்கொண்டு வந்தார். குளத்தூரில் நிறுத்தச் சொல்லி இறங்கி, கைக்குட்டையைக் குழாய் வாயில் பிடித்துப் பார்த்தார். சூடுதான் அடித்தது; துணியில் ஈரம் இல்லை. அவர் வந்து உட்கார்ந்த பிறகு ரோச் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, வளைவில் எல்லாம் இசபெல்லா பர்னபாஸ் மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். பூசைக்கு இரண்டாம் மணி அடிக்கும்போது கோயில் வாசலில் இறங்கினோம்.

வேம்பாரில் அத்தனை பேரும் பார்த்தார்கள். சாப்பாட்டுப் பந்தியிலேயே மாப்பிள்ளையின் மாமன் வந்து உடன்குடிக்கு ஒரு சவாரி பேசினார். பர்னபாஸ், பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுநாள் ஊருக்கு அழைத்து வர இதே கார்தான் என்று சொல்லி, ரோச்சை அங்கேயே தங்க வைத்துவிட்டார்.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ரோச் கூடவே கொஞ்ச தூரம் வந்தார்.

"இசக்கி, ஞானையா மொதலாளிகிட்ட நான் வரலன்னு நீரே சொல்லிரும்."

"அதை நீரு சொல்றதுதானவே மரியாதை?"

"சொல்லலாம். தோணி கட்டுத பாலத்துக்குப் போவணுமே. பாய் கட்டி நிக்கதைப் பாத்தேன்னா ஏறிருவேன்."

போய்ச் சொன்னேன். ஞானையா வேறு வேட்டியில் இருந்தார். "அவன் இல்லன்னா தோணி மிதக்காதா?" என்றார். பிறகு, "காரு நல்லா ஓடிச்சா?" என்று கேட்டார். ஓடியது என்றேன்.

வேறொரு தண்டலைத் தேடிப் பிடித்துத் தோணியை அனுப்ப அவருக்கு அந்த வாரக் கடைசி ஆகிவிட்டது. அது பாய் விரித்துப் போன காலையில் ரோச் ஊரில் இல்லை. ஆத்தூருக்கு வெற்றிலை வியாபாரி ஒருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். வியாபாரி கேட்டது மறுநாளைக்கு. இன்றைக்கே போய்விடலாமே என்று அவரை வற்புறுத்தி ஏற்றி அனுப்பியது பிளாரன்ஸ்.