ராணி ரூபாயின் சத்தம்

பழைய வெள்ளி ரூபாயைத் தரையில் போட்டுச் சத்தம் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விளிம்பு நசுங்கினால் தரம் ஒரு படி இறங்கிவிடும். ஆள்காட்டி விரல் நுனியில் நாணயத்தைப் படுக்கவைத்து, பென்சிலால் ஓரத்தை மெல்லத் தட்ட வேண்டும். நல்ல வெள்ளி என்றால் மணி அடித்த மாதிரி நீளமாகப் பாடும். கலப்படம் என்றால் சட்டென்று அடங்கிவிடும்.

இவ்வளவு விவரமாகச் சொல்கிற எனக்கு அந்தச் சத்தம் கேட்காது. தங்கவயல் சுரங்கத்தில் டிரில் மெஷின் பிடித்தவன் நான். பேச்சு கேட்கும், லாரி கேட்கும். மெல்லிய கீச்சுச் சத்தமெல்லாம் காதை விட்டுப் போய்விட்டது. கொசு காதோரம் கச்சேரி வைத்தாலும் கடித்த பிறகுதான் தெரியும். எந்த நாணயத்தைத் தட்டினாலும் எனக்குப் பென்சிலின் ‘டக்’ மட்டும்தான்.

அதனால் வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். கண் என்னுடையது, காது என் மனைவியுடையது. நாணயத்தில் இருக்கும் வெள்ளைக்கார ராணியின் கன்னம் மழுங்கியிருக்கிறதா, கிரீடத்துக் கற்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, சட்டையின் பூவேலை எவ்வளவு மிச்சம், எவராவது விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கெடுத்துவைத்திருக்கிறாரா என்றெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். பிறகு விரலில் வைத்துத் தட்டுவேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, என் விரலருகே காதைக் கொண்டுவருவாள்.

“இன்னா சொல்லுது?” என்பேன்.

“பாடுதுங்க” என்பாள். இல்லாவிட்டால், “ஊஹூம், தகரம்” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிடுவாள். அவள் தகரம் என்றால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பங்காருபேட்டையில் ஒரு பழைய சாமான்காரரிடம் அந்த ராணி ரூபாய் கிடைத்தது. பூவேலையில் ஓர் இதழ்கூடத் தேயவில்லை. எடையும் சரியாக இருந்தது. அப்படி ஒரு தரத்தை அதற்கு முன் நான் கையில் வைத்துப் பார்த்ததே இல்லை. ரயில் எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு வந்து சேரும்வரை சட்டைப்பையிலிருந்து கையை எடுக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளைக் கூப்பிட்டுத் தட்டினேன்.

“இன்னொரு வாட்டி தட்டுங்க” என்றாள்.

தட்டினேன்.

“இன்னும் ஒரு வாட்டி.”

சத்தம் அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

“இன்னா சொல்லுது?”

“நல்லா பாடுதுங்க. எடுத்து வைங்க.”

அதற்கென்று தனி டப்பா வாங்கினேன். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவேன். அவளும் காபியோடு வந்து நின்று, நான் அளந்துவிடுவதை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் போவாள்.

போன மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு நான் நாணயம் எதுவும் வாங்கவில்லை. வாங்கி யாரிடம் தட்டிக் காட்டுவது? டிவியைக் கத்தவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். பேச்சுச் சத்தம் ஏதாவது வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் நாணயக் கண்காட்சி என்று கேள்விப்பட்டு, ராணியை எடுத்துக்கொண்டு போனேன். விவரம் தெரிந்தவர் ஒருவர் தரம் சொன்னால், அந்தப் பெருமையோடு மகளிடம் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். மேசைக்குப் பின்னால் இருந்த வியாபாரி தமிழர். லென்ஸ் வைத்துப் பார்த்தார். விரல் நுனியில் வைத்துத் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

“சார், இது அச்சுல ஊத்தின டூப்ளிகேட். வெள்ளியும் கம்மி” என்றார். “தட்டினா உடனே அடங்கிடுது பாருங்க. உங்களுக்கே கேக்குதில்ல?”

“கேக்குது” என்றேன்.

திரும்பி வரும்போது ரயிலில் கோபம் கோபமாக வந்தது. பழைய சாமான்காரரை விட்டுத்தள்ளலாம், அவர் பிழைப்பு அது. இவளுக்கு என்ன வந்தது? மற்ற எல்லாவற்றையும் தகரம் தகரம் என்று தள்ளியவள், இதை மட்டும் ஏன் பாடுகிறது என்றாள்? பங்காருபேட்டை தாண்டிய பிறகுதான் அந்த நாள் சரியாக ஞாபகம் வந்தது. நான் தட்டிய ஒவ்வொரு முறையும் அவள் காது நாணயத்தருகே இருந்தது. கண் என் முகத்தில் இருந்தது. நான் செருப்புக் காலோடு, வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தேன்.

காபி டம்ளரோடு நின்று என் பீற்றலைக் கேட்டாளே, ஒரு நாள்கூடவா அவளுக்குச் சிரிப்பு வரவில்லை? கேட்க வேண்டும்போல் இருந்தது. அவள் இல்லை என்பது அந்த ரயிலில் வலித்த மாதிரி அதற்கு முன் வலித்ததில்லை.

வீட்டைத் திறந்து நேராகச் சமையலறைக்குப் போனேன். அடுப்பருகே அவள் வந்து நிற்கும் இடத்தில் நின்று, ராணியை விரலில் வைத்துத் தட்டினேன். பென்சிலின் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு வாட்டி தட்டினேன். இன்னும் ஒரு வாட்டி. பிறகு, அவள் சொன்னபடியே எடுத்து வைத்தேன்.